கோழி இறகில் ஒரு விரால்

எங்கள் ஊர் ஏரியில் விரால் பிடிக்க மூன்று பொருள் போதும். கெட்டியான தங்கூசி நரம்பு, ஒரு பெரிய முள், உயிரோடு ஒரு தவளை. கழி வேண்டுமே என்பீர்கள். அது ஏரிக்கரையிலேயே யாராவது ஒளித்து வைத்திருப்பார்கள், எடுத்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டுத் திரும்ப அதே புதரில் செருகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் என்று நான் சொல்வது ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் பக்கம். இன்றைக்கு அந்தச் சாலையில் விடிகாலை ஐந்தரைக்கு நின்றால் கம்பெனி பஸ்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. என் சிறு வயதில் அதே ஐந்தரைக்கு ஏர் ஓட்டிக்கொண்டு போவார்கள். ஏரிக்குக் கீழே எங்களுக்கு இரண்டு காணி நிலம் இருந்தது. அதைப் பற்றி முன்பே இரண்டு பதிவு எழுதிவிட்டேன், மறுபடி ஆரம்பித்தால் மகள் திட்டுவாள். இன்றைக்கு மீன்.

அப்பா விரால் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். தவளையின் தொடைத் தோலில் மட்டும் முள்ளைக் கோத்து, அது நீந்துவதற்குத் தடையில்லாமல் ஆம்பல் இலைகளுக்கு நடுவே விடுவார். இலை மேல் தட்டித் தட்டி இழுப்பார். திடீரென்று 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், தவளை இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் இருக்கும். நானாயிருந்தால் அந்தக் கணமே இழுத்து, வெறும் முள்ளோடு நிற்பேன். அப்பா இழுக்க மாட்டார். "முருகா, முருகா, முருகா" என்று மூன்று தடவை நிதானமாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சுண்டுவார். விரால் இரையைக் குறுக்கே கவ்வி, உள்ளே போய்த் திருப்பி விழுங்கும். அதற்கு நாம் நேரம் கொடுக்க வேண்டும். வல்லக்கோட்டை முருகனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். "கணக்குக்குடா" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. குஞ்சோடு இருக்கிற விராலைத் தொடக்கூடாது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் விரால், கோரைக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் செக்கச்செவேலென்று இருக்கும், நூற்றுக்கணக்கில் பந்து போல ஒன்றாகவே நகரும். விரால் காற்றைக் குடிக்கும் மீன் அல்லவா, குஞ்சுகளும் மூச்சுக்காக மேலே வந்து வந்து போகும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலிருக்கும். அடியிலே தாயோ தகப்பனோ, பல சமயம் இரண்டுமோ, காவல் இருக்கும். தவளை, பாம்பு, வேறு மீன், எது கிட்டே வந்தாலும் பாய்ந்து அடிக்கும். பசிக்காக அடிப்பதில்லை, கோபத்தில் அடிக்கும். ஆகையால் அந்தச் சமயத்தில் விராலைப் பிடிப்பதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. அந்தத் தூறலுக்கு மேல் எதைப் போட்டாலும் அடிக்கும். சிறு பையன்கூடப் பிடித்துவிடலாம்.

அந்தச் சிறு பையன் நான்தான். 1970, ஐப்பசி மாதம், எனக்குப் பதின்மூன்று வயது. அக்கா பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள், ரொம்பவும் இளைத்துப் போயிருந்தாள். விரால் கொடுத்தால் உடம்பு தேறும் என்று பாட்டி தினமும் புலம்பிக்கொண்டிருந்தாள். அப்பா நாலு நாள் போய்ப் பார்த்தும் வெறுங்கையோடு வந்தார். எனக்கோ மடையருகே ஒரு தூறல் இருப்பது தெரியும். ஒரு சாயங்காலம் ஒன்று, மறுநாள் சாயங்காலம் இன்னொன்று. இரண்டும் என் முழங்கைக்குமேல் நீளம்.

முதல் மீனுக்கு வீட்டில் பெரிய கொண்டாட்டம். இரண்டாவதைப் பார்த்ததும் அப்பா, "எங்கேடா?" என்று கேட்டார். "மடைகிட்ட" என்றேன். அவர் அடிக்கவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. விடிகாலையில் எழுப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூறல் இருந்த இடத்தில் மீன்கொத்திகள் இரண்டு, மாற்றி மாற்றி விழுந்து எழுந்துகொண்டிருந்தன. தண்ணீருக்குள் குரவையும் கெளுத்தியும் புரண்டன. சிவப்பாக இங்கே நாலு, அங்கே ஐந்து என்று திக்குத் திசை தெரியாமல் அலைந்தன. பொழுது நன்றாக ஏறும்வரை என்னை அங்கேயே நிற்க வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது, "அக்காகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொன்னார்.

நாற்பத்தோரு வருஷம் தாவுகிறேன். நடுவில் ஐ.டி.ஐ., அம்பத்தூர், கல்யாணம், பிறகு சொந்த ஊர்ப் பக்கமே கம்பெனிகள் வந்து, நானும் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வந்து சேர்ந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 2011-இல் புது பிரஸ் லைனை நிறுவிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். வயது அறுபதை நெருங்கும். தலை முழுக்க வெள்ளை, கை மட்டும் இரும்பு. அவர் ஆறு மாதம் தங்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் சனிக்கிழமையானால் சென்னைக்குப் பறந்துவிடுவார்கள். இவர் மட்டும் அறையிலேயே கிடந்தார்.

ஒருநாள் டூல் ரூமுக்கு வந்து, சின்னதாக ஒரு வைஸ் கிடைக்குமா என்றார். எதற்கு என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக முட்கள். ஒவ்வொன்றிலும் இறகும் முடியும் கட்டி, குட்டிக் குட்டி மீன் மாதிரி இருந்தன. அவருடைய ஊரில் ட்ரௌட் மீனைப் பிடிக்க அதுதான் இரையாம்.

அந்த வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ரௌட் என்பது குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். சிறிதாக இருக்கும்போது பூச்சிகளைத்தான் முக்கியமாகத் தின்னும். அதற்குப் பூச்சி மாதிரி இறகைக் கட்டிப் போடுவார்கள். ஆனால் நன்றாக வளர்ந்த ட்ரௌட்டுக்குப் பூச்சி எந்த மூலைக்கு? அது மற்ற மீன்களைத் தின்ன ஆரம்பித்துவிடும், சமயத்தில் தன் இனத்துக் குஞ்சையே தின்னும். பகலில் பாறைக்கடியில் கிடந்து, அந்தி சாய்ந்தபின் அல்லது மழை பெய்து தண்ணீர் கலங்கினபின் வெளியே வரும். அந்தக் கிழட்டு மீனுக்காகக் கட்டுவதுதான் இந்த நீள இறகு மீன், ஸ்ட்ரீமர் என்பார்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, விட்டு விட்டு இழுத்தால், அடிபட்ட குஞ்சு தத்தளித்துப் போவது போலிருக்கும்.

எறிவதிலும் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. நாம் ஈயக்குண்டைக் கட்டி எறிகிறோம், குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இறகுக்கு ஏது கனம்? ஆகையால் அவர்கள் கயிற்றையே கனமாகச் செய்துவிட்டார்கள். ஒன்பதடிக் கழியை முன்னும் பின்னும் வீச, கயிறு காற்றில் வளைந்து விரிந்து, இறகை எடுத்துக்கொண்டு போய்ப் பூப்போல வைக்கும்.

டூல் ரூம் வைஸில் அவர் ஸ்ட்ரீமர் கட்டுவதைப் பார்க்க இடைவேளையில் கூட்டம் கூடிவிடும். அமெரிக்காவில் கேரி ஸ்டீவன்ஸ் என்று ஒரு பெண்மணி, பெண்களுக்குத் தொப்பி தைப்பவர், 1924 ஜூலை 1 அன்று தானே கட்டிய ஸ்ட்ரீமரால் ஆறு பவுண்டு பதின்மூன்று அவுன்ஸ் மீனைப் பிடித்தார் என்றும், அதிலிருந்துதான் இந்த வகை பிரபலமானது என்றும் சொன்னார். அந்த அம்மா வைஸே இல்லாமல் கையிலேயே கட்டுவாராம். எங்கள் பையன்கள் இதற்கு ரொம்பவும் மரியாதை கொடுத்தார்கள்.

அவர் கொண்டுவந்த சரக்கு தீர்ந்ததும் உள்ளூர் சரக்கில் இறங்கினோம். ஸ்ரீபெரும்புதூர் கறிக்கடையில் சேவல் கழுத்து இறகு இலவசம். முருகன் கோயில் வாசலில் வாங்கிய மயிலிறகிலிருந்து இழை உருவினார். ஆட்டு முடியும் அதே கறிக்கடை. உடம்பில் சுற்ற மினுமினுவென்று தகடு வேண்டும் என்றார். வீட்டுக்காரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கிழிந்துபோன காஞ்சிபுரம் புடவையின் முந்தானையிலிருந்து ஜரிகையைப் பிரித்துக் கொடுத்தாள். "மீனுக்குப் பட்டுக் கட்டுற மனுசனை இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை. செவ்வாயன்றே மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி சுண்டல் கொடுத்து, பூசணிக்காய் உடைத்து முடித்துவிட்டு, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். ட்ரௌட் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார், வெட்கமாகப் போய்விட்டது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மதராஸ் ராணுவ மருத்துவர், பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர், சீமையிலிருந்து ட்ரௌட் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு வில்சன் என்பவர் வந்து, 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்து, வானவில் ட்ரௌட்டை நீலகிரி ஓடைகளில் நிலைக்க வைத்தார். காஷ்மீருக்கு 1900-இல் போன முட்டை ஸ்காட்லாந்து முட்டையாம். அதைச் சொல்லும்போது அவருக்கு என்னவோ தன் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது போல ஒரு பெருமை.

அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் ஊட்டியிலிருந்து அவலாஞ்சிக்கு ஜீப்பில் போனோம். வழியில் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். யானையோ என்று பயந்துவிட்டேன். சாலையோரத்தில் ஒரு காட்டுச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். மனுஷர் கண் கலங்கிப் பார்க்கிறார். டப்பாவைத் திறந்து, தன் அப்பா கட்டிய ஒரு பழைய ஸ்ட்ரீமரைக் காட்டினார். அதன் கன்னத்தில் கண் மாதிரி ஒரு சின்ன இறகு, மஞ்சள் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்தாற்போல. நம் காட்டுச் சேவலின் கழுத்து இறகு. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து அது மூட்டை மூட்டையாகச் சீமைக்குப் போயிற்றாம். இப்போது தொட முடியாது, சட்டம் இருக்கிறது. அங்கேயே வளர்க்கிற சேவல்களின் இறகைத்தான் வாங்குகிறார்களாம். ஐம்பது வருஷமாகப் பெட்டியில் இருக்கும் இறகின் சொந்தக்காரனை அன்றைக்குத்தான் உயிரோடு பார்க்கிறார்.

மீன் விஷயத்தில் அவலாஞ்சி அவருக்கு ஏமாற்றம். ஒரு சாண் நீளத்தில் மூன்று கிடைத்தன. மூன்றையும் நனைந்த கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். பெரியது ஒன்றும் வரவில்லை. குளிரில் எனக்குப் பல் கிட்டித்துப்போனது. திரும்பும்போது ரயிலில், "உங்கள் ஊரில் பெரிய மீன் எது?" என்று கேட்டார். விரால் என்றேன். என் வினை அங்கே ஆரம்பித்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டிப்போனேன். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் காவலாளி, "வெராலா? தாராளமா புடிங்க சார். நாங்க விடற கட்லா குஞ்செல்லாம் அதான துன்னுது" என்று சிரித்தார். ஆனால் விரால் வரவேண்டுமே. கயிற்றைப் பின்னால் வீசினால் வேலிக்காத்தானில் மாட்டுகிறது, முன்னால் வீசினால் கோரையில். கரையில் பையன்கள் கூட்டம். அவருக்குச் 'சாட்டைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீச வீச அவர்கள் விசிலடித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மூன்றாவது ஞாயிறு திரும்பும்போது காரில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். என் ஊர் ஏரி, என் விருந்தாளி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போய்க் கரை முழுக்க நடந்தேன். நல்ல மழை பெய்து கலங்கலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மடைக்கு இந்தப் பக்கம், ஆம்பலுக்கு நடுவே, தூறல் விழுந்துகொண்டிருந்தது. வானத்தில் மேகமே இல்லை.

மறுநாள் அவரை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தி, "அந்தச் சலசலப்பு தெரிகிறதா, அதற்கு ஒரு முழம் தாண்டிப் போடுங்கள்" என்றேன். இரண்டாவது வீச்சிலேயே அடித்தது. 'பொளக்' சத்தத்தில் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கழி வில்லாக வளைந்தது. ஆம்பல் கொடிக்குள் போகவிடாமல் அவர் ஏதோ செய்து, பத்து நிமிஷத்தில் கரைக்குக் கொண்டுவந்தார். நிச்சயம் இரண்டரைக் கிலோ இருக்கும். பாம்புத் தலை, கருத்த முதுகு, வாயோரத்தில் காஞ்சிபுரம் ஜரிகை மின்னுகிறது. மனுஷர் குழந்தை மாதிரி குதித்தார். பையன்கள் அவரைச் சுற்றிக் குதித்தார்கள். நானும் குதித்தேன்.

அப்போதுதான் அவர் கவனித்தார். காலடியில் தண்ணீர் சிவந்திருந்தது. குஞ்சுகள் மொத்தமாக மீனின் பின்னாலேயே கரைவரைக்கும் வந்துவிட்டிருந்தன.

"இது என்ன?" என்றார். சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. முள்ளின் பின்முனையை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தபடியால் ஒரு திருப்பில் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து, அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை குனிந்தபடி நின்றார். பையன்கள் "சார், சார்!" என்று அலறினார்கள். கரையேறியவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "குஞ்சு இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அப்பா போய் அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் யாரோ பின்னால் நிற்பது போலத் திரும்பிப் பார்த்தேன். மடைக் கல்லின் மேல் ஒரு மீன்கொத்தி இருந்தது.

அடுத்த மூன்று நாளும் ஷிஃப்டுக்கு முன் அந்த இடத்துக்குப் போனேன். முதல் நாள் பந்து சிறுத்திருந்தது, கலைந்து கலைந்து கூடியது. அடியில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், நான் கிளம்ப இருந்த நேரத்தில், குஞ்சுகளுக்கு நடுவே பெரிய தலை ஒன்று மேலே வந்து, காற்றைக் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கியது. கம்பெனிக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றதைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் கிளம்பிவிட்டார். ஜரிகை சுற்றிய ஸ்ட்ரீமரை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் அண்ணன் பேரன் விரால் பிடிக்கப் போகிறான். ஆன்லைனில் வாங்கிய ரப்பர் தவளை, சீனத்து ரீல். போன ஐப்பசியில் வாசலில் வண்டியை நிறுத்தி, "தாத்தா, மடைகிட்ட செம கூட்டமா குஞ்சு ஓடுது, கீழ ரெண்டு பெருசு கட்டாயம் இருக்கும், வர்றீங்களா?" என்றான். போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அங்கே போய் 1970-இலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன், ஸ்காட்லாந்துக்காரரிடம் சொன்ன பொய் உட்பட. அவன் பாதியில் ரப்பர் தவளையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டான். எனக்காகவா, பொழுது போய்விட்டதற்காகவா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அவனிடம் சொன்னபின்தான் இதை எழுத முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியும் ஆற்றில் இறங்குகிறார், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மெயில் போடுகிறார். இந்தப் பதிவை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு அவருக்கு அனுப்பட்டுமா என்று மகள் கேட்கிறாள். அனுப்பு என்று சொல்லிவிட்டேன். தங்கூசிக்கும் வேலிக்காத்தானுக்கும் அந்த இயந்திரம் என்ன சொல்லுமோ தெரியவில்லை. "தெரியாது என்றேன்" என்ற வரி மட்டும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.